ஏழு ரீபவுண்டும் ஏழு ரீபவுண்டும்

அரும்பாவூரில் மரச்சிற்பம் செதுக்கும் பெரியவர் ஒருவரோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய பேரன் பத்தாம் வகுப்புதான், அதற்குள் ஆறடியைத் தாண்டிவிட்டான். பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியில் கூடையருகே ஆடும் சென்டர்.

"நேத்து பதினெட்டு பாயிண்ட் போட்டானாம். நல்லா வருவானா தம்பி?"

"எத்தனை நிமிஷம் ஆடினான்யா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பாயிண்டைக் கேட்கிற யாருமே நிமிஷத்தைக் கேட்பதில்லை. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2015-16 பருவத்தில் அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் இரண்டு புது சென்டர்கள் ஆடினார்கள். ஒருவர் ஜாலில் ஒகாஃபர். அணிகள் புது வீரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில் மூன்றாவதாக ஃபிலடெல்ஃபியா அணி எடுத்த பிள்ளை. இன்னொருவர் செர்பியாவின் நிக்கோலா யோகிச். 2014இல் டென்வர் அணி அவரை 41ஆவதாக எடுத்தது. பெயர் அறிவிக்கப்பட்ட நேரத்தில் டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் வருஷத்தில் ஒகாஃபர் ஆட்டத்துக்கு 17.5 பாயிண்ட், யோகிச் 10. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதுதான் ரீபவுண்ட்; அது இருவருக்கும் சரியாக ஏழு. இதை மட்டும் காட்டினால் யாரும் ஒகாஃபரைத்தான் கை காட்டுவார்கள்.

இப்போது நிமிஷத்தைப் பாருங்கள். ஒகாஃபர் களத்தில் நின்றது 30 நிமிஷம், யோகிச் 22கூட இல்லை. 48 நிமிஷ ஆட்டத்தில் முக்கிய வீரருக்கு 36 நிமிஷம்வரை கிடைக்கும் என்று வைத்து இருவரையும் அந்த அளவுக்கு நீட்டினால், யோகிச்சுக்குப் பதினொன்றரை ரீபவுண்ட், ஒகாஃபருக்கு எட்டரைகூட வராது. ஆனால் இந்தக் கணக்கைக் கண்டபடி நீட்டக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் மூன்று பந்து பிடித்தவன், 36 நிமிஷம் நின்றால் இருபத்தொன்று பிடித்துவிட மாட்டான். யோகிச் அந்த வருஷம் 80 ஆட்டம் ஆடினார், அதனால் நம்பலாம்.

அடுத்து, எந்த அணியில் அடித்த பாயிண்ட் என்று பார்க்க வேண்டும். ஃபிலடெல்ஃபியா அந்தப் பருவத்தில் 82 ஆட்டத்தில் ஜெயித்தது பத்தே பத்து. தோற்கிற அணியிலும் யாராவது கூடைக்குள் போட்டுத்தானே ஆக வேண்டும்!

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது அசிஸ்ட், அதாவது கூட ஆடுபவன் கூடையில் போடும்படி கொடுக்கிற பந்து. கூடையருகே உயரமானவன் கையில் பந்து வந்ததும் எதிரணி இரண்டு பேரை அனுப்பி மறிக்கும். அப்போது களத்தில் இன்னொருவன் சும்மா நிற்கிறான் என்று அர்த்தம். அவன் கண்ணில் பட்டு, பந்தும் அவனிடம் போய்ச் சேர வேண்டும். அதற்கு அரை நொடிதான். யோகிச் குறைந்த நேரத்தில் 2.4 அசிஸ்ட் கொடுத்தார். ஒகாஃபர் அதில் பாதி.

பெரியவர் இங்கே குறுக்கிட்டார். "அடிமரம் பெருசா இருந்தா எல்லாருக்கும் தெரியும் தம்பி. உள்ளே ஓட்டம் எப்படிப் போகுதுன்னு உளி வெச்சாத்தான் தெரியும்."

அந்த உளிதான் ஃப்ரீ த்ரோ. பதினைந்து அடி தூரம், மறிக்க ஆள் கிடையாது. கையின் பதம் அங்கே அப்படியே தெரியும். ஆட்டத்தின் ஓட்டத்தில் போடுகிற பந்தில் இருவரும் ஏறத்தாழ ஒன்றுதான், பாதிக்குச் சற்று மேல். ஃப்ரீ த்ரோவில் யோகிச் நூற்றுக்கு 81, ஒகாஃபர் 69. அந்தக் கை இருந்தால் நாளைக்குத் தூரத்திலிருந்தும் போடலாம்.

யோகிச் 2021, 2022, 2024 ஆண்டுகளில் சிறந்த வீரர் ஆனார். 2023இல் டென்வருக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். ஒகாஃபர் 2021க்குள் நான்கு அணிகளில் ஆடிவிட்டார். முழுப் பழியையும் அவர்மேல் போட முடியாது. ஆட்டமே மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே நகர்ந்த காலம் அது. கூடைக்கு முதுகு காட்டி நின்று ஆடுபவர்களுக்கு வேலை குறைந்துகொண்டிருந்தது.

ஒகாஃபரைத் தேர்ந்தெடுத்த அதே 2015 ஜூன் இரவில் நம் பிள்ளை ஒருவனும் இருந்தான். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங். ஏழடி இரண்டு அங்குலம். 52ஆவதாக டல்லாஸ் எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. தேர்வில் இடம்பிடித்த முதல் ஆள். ஒகாஃபரும் அவரும் 1995 டிசம்பரில் ஐந்து நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். ஒகாஃபர் அதற்குள் டியூக் பல்கலைக்கழகத்துக்கு ஆடித் தேசியப் பட்டமே வென்றிருந்தார். சத்னாம் கல்லூரி ஆட்டம் எதுவும் ஆடாமல், ஃப்ளோரிடாவின் ஓர் அகாடமியிலிருந்து நேராக வந்தார். என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. உயரத்தை எடுத்துவிட்டு அவரை எடைபோட நம்மிடம் நம்பத்தகுந்த கணக்கே இல்லாமல் போனது இன்னும் என் மனத்தில் உறுத்துகிறது. பெரிய ஆட்டங்களின் நிமிஷங்கள் அந்தப் பையனுக்கு இன்னும் நிறைய வேண்டியிருந்தன.

பெரியவர் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துத் திருப்பினார். நிமிஷம், ஃப்ரீ த்ரோ, அசிஸ்ட் என்று மூன்று கோடு போட்டுக் கொடுத்தேன். சைக்கிளில் வந்திறங்கிய பேரனிடம், "நேத்து ஃப்ரீ த்ரோ எத்தனைடா?" என்று கேட்டார்.

"எட்டுல நாலு, தாத்தா."

எழுதிக்கொண்டார்.