43 பல்லா, 41 பல்லா? பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு பல்சக்கரக் கணக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு இஞ்சினில்தான் தொடங்கும். ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் என்று ஒரு மணி நேரம் போய்விடும். பின் சக்கரங்களுக்கு நடுவே எண்ணெயில் ஊறிக்கிடக்கும் டிஃபரன்ஷியலைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆனால், வண்டி மலையில் எப்படி ஏறும், நெடுஞ்சாலையில் எவ்வளவு இரைச்சல் போடும் என்பதில் அந்த இரும்பு உருண்டைக்குப் பெரும் பங்கு உண்டு.

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் அறிமுகமான இந்தக் கார், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. இரண்டே இருக்கை, 1.6 லிட்டர் இஞ்சின், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. சில மாதங்களுக்கு முன் 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலே பின்னால் ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. எண்ணெயை மிதித்தால் ஒரு சுதி, காலை எடுத்தால் வேறு சுதி. சக்கரத்தின் பேரிங் தேய்ந்திருந்தால் வளைவில் திருப்பும்போதுதான் சத்தம் மாறும். மிதிக்கும்போதும் விடும்போதும் மாறினால் டிஃபரன்ஷியலின் பற்களைச் சந்தேகிக்க வேண்டும்.

“பல்லு தேஞ்சு போச்சு தம்பி. மாத்தித்தான் ஆகணும். அதே நம்பர் போடவா, வேற நம்பர் போடவா?” என்று பட்டறை அண்ணன் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

எண் என்ன சொல்கிறது?

கியர்பாக்ஸிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம் இருக்கும். அது கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். என் வண்டியில் பினியனுக்கு 10 பல், கிரவுனுக்கு 43 பல். 43-ஐ 10-ஆல் வகுத்தால் 4.3. தண்டு 4.3 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

எண் பெரிதானால் சக்கரத்துக்குப் போகும் இழுவை கூடும். ஆனால் அதே வேகத்துக்கு இஞ்சின் அதிகம் சுற்ற வேண்டும். எண் சிறிதானால் இஞ்சின் நிதானமாக ஓடும்; இழுவை குறையும். கியர் வைத்த சைக்கிளில் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் மேடு ஏறுவது எளிது, சமதரையில் கால் ஓயாமல் மிதிக்க வேண்டும் அல்லவா? அதே கதைதான். பல்சக்கரத்தை மாற்றுவதால் இஞ்சினுக்குப் புதிதாக ஒரு குதிரைச் சக்திகூட வராது. இருக்கும் சக்தியை எங்கே செலவழிப்பது என்பதை மட்டுமே நாம் மாற்றுகிறோம்.

பின்னாளில் வந்த 1.8 லிட்டர் எம்எக்ஸ்-5-இல் 4.1 இருந்தது. ஆறு கியர் கொண்ட பிந்தைய மாடல்கள் சிலவற்றில் 3.9 இருந்தது. ஆக, என் முன்னே மூன்று எண்கள்.

நெடுஞ்சாலையும் மலைப் பாதையும்

என் டயர் அளவு 185/60, 14 அங்குலம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 1.81 மீட்டர். ஐந்தாவது கியரின் விகிதம் 0.814. இவற்றை வைத்துக் கணக்குப் போட்டேன். 110 கிலோமீட்டர் வேகத்தில் 4.3 என்றால் இஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,540 சுற்று சுற்றும். 4.1 என்றால் 3,370. 3.9 என்றால் 3,210.

நண்பர்கள் சொன்னதை வைத்து, 4.1 போட்டால் வண்டி சொகுசுக் கார்போல அமைதியாகிவிடும் என்று எண்ணியிருந்தேன். கணக்கில் கிடைத்த வித்தியாசம் வெறும் 170 சுற்று. ஆனாலும் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பயணத்தில் இஞ்சின் ஏறக்குறைய 18,000 சுற்று குறைவாகச் சுற்றும். முப்பது வயதைத் தாண்டிய இஞ்சினுக்கு அது நல்லதுதான்.

இனி மறுபக்கம். 4.1 போட்டால் ஒவ்வொரு கியரிலும் இழுவை ஐந்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகக் குறையும். 950 கிலோ எடையுள்ள வண்டியில் இது 10 கிலோ அரிசிப் பைகள் ஐந்தை எப்போதும் ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம். 3.9 என்றால் கிட்டத்தட்டப் பத்துப் பைகள். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதையில் இரண்டாவது, மூன்றாவது கியரில்தான் பெரும்பாலும் ஓட்ட வேண்டும். முன்னால் ஒரு காய்கறி லாரி மெதுவாக ஏறிக்கொண்டிருக்க, முந்துவதற்குக் கிடைப்பதோ சிறிய இடைவெளி. அந்த இடத்தில் பத்துப் பை அரிசியின் பாரம் வேடிக்கையல்ல. 3.9-ஐ அன்றே தள்ளிவிட்டேன்.

என் மனைவியிடம் இந்த எண்களையெல்லாம் காட்டினேன். “ஈப்போவுக்குப் போறப்ப நீங்க பேசுறது என் காதுல விழணும். அதுக்கு எந்த நம்பரோ அதையே போடுங்க” என்றார்.

எதை மாற்றுவது?

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பினியனையும் கிரவுனையும் மட்டும் மாற்றுவது. இவை இரண்டும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி. ஒரு ஜோடியின் பினியனை இன்னொரு ஜோடியின் கிரவுனோடு சேர்க்கக் கூடாது. பற்களுக்கு இடையே விடும் இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். மெல்லிய தகடுகளை வைத்து அதைச் சரிசெய்து, பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்து, பற்கள் பதியும் இடத்தை உறுதிசெய்ய வேண்டும். கொஞ்சம் தவறினாலும் ஊளை திரும்ப வரும். சீக்கிரமே பல்லும் போகும். பழகிய கை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

இன்னொரு வழி, ஹாஃப்கட் கடையில் முழு டிஃபரன்ஷியலையே வாங்கிப் பொருத்துவது. நான் இதைத்தான் செய்தேன். 1.8 வண்டியின் கிரவுன் வீல் அளவில் பெரியது, ஆரம்பகால 1.6-இன் சிறிய டிஃபரன்ஷியலைவிட வலிமையானது. ஆனால் அதை மட்டும் வாங்கினால் பொருந்தாது. இரண்டு பக்கத்து டிரைவ் ஷாஃப்ட்டுகளும் நடுவில் ஓடும் நீண்ட தண்டும் 1.8-இலிருந்தே வர வேண்டும். இவை அனைத்தையும் ஒரே வண்டியிலிருந்து வாங்குவது புத்திசாலித்தனம்.

கடைக்காரர் சொல்லும் எண்ணை நாமே சரிபார்க்கலாம். தண்டு பூட்டும் முனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு பக்க வெளியீட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் தண்டுமுனை நாலு சுற்றும் கூடவே கொஞ்சமும் சுற்றும். அந்தக் ‘கொஞ்சம்’ பத்தில் ஒரு பங்கா, மூன்று பங்கா என்பதில்தான் 4.1-ஆ, 4.3-ஆ என்பது தெரியும்.

மீட்டரைக் கவனியுங்கள்

பலர் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. இந்த வண்டியின் வேகமானி கியர்பாக்ஸின் வால்பகுதியிலிருந்து வரும் கேபிளால் இயங்குகிறது. பின்னால் எண் மாறியது அதற்குத் தெரியாது. முன்பு சரியாகக் காட்டிய மீட்டர், 4.1 போட்ட பிறகு 110 என்று காட்டும்போது உண்மை வேகம் 115-ஆக இருக்கும். நெடுஞ்சாலையின் வேக வரம்பு 110. கேமரா நம் மீட்டரைப் பார்த்துச் சம்மன் அனுப்புவதில்லை. கேபிளைச் சுழற்றும் சிறிய பல்சக்கரத்தை மாற்றினால் இது சரியாகும். பிறகு கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

டயர் அளவும் இந்தக் கணக்கில் சேரும். 195/50, 15 அங்குலத்துக்கு மாறினால் விட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதைவிட உயரமான டயர் போட்டால், டிஃபரன்ஷியலைத் தொடாமலே விகிதத்தை மாற்றியதாக அர்த்தம்.

ஊளைச் சத்தம் இப்போது இல்லை. ஈப்போ பயணத்தில் பேசுவது கேட்கிறது. அதற்கு முக்கியக் காரணம் தேயாத பற்கள், 4.1 என்ற எண்ணின் பங்கு சிறியதே. கேமரன் ஏற்றத்தில் முன்பு மூன்றாவது கியரில் சமாளித்த ஓரிரு வளைவுகளில் இப்போது இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. அந்த விலை எனக்குச் சம்மதம்.

உங்களிடமும் இப்படி ஒரு பழைய வண்டி இருந்தால், பட்டறைக்குப் போகும் முன் ஒரு தாளில் உங்கள் டயர் அளவு, கியர் விகிதங்கள், மாதத்தில் எத்தனை நாள் நெடுஞ்சாலை, எத்தனை நாள் மலைப் பாதை என்று எழுதுங்கள். ஜேபிஜேயிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாரம் முழுவதும் நகர நெரிசலில் மட்டும் ஓடும் வண்டி என்றால், ஏற்கெனவே இருக்கும் எண்ணிலேயே நல்ல பற்களைப் போட்டுவிட்டு, மிச்சமாகும் பணத்தில் நான்கு நல்ல டயர் வாங்கலாம்.