சுறாவை விலக்குமா வரிக்கோலம்?

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்போரைச் சுறாவிடமிருந்து காப்பது ஒரு காலத்தில் கூலிக்குச் செய்யப்பட்ட தொழில். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு எடுத்த முத்தில் 20இல் ஒரு பங்கு போனதாகக் குறிப்பிடுகிறார். படகுகள் கூடிய இடமாக அவர் சொல்லும் ‘பெத்தலார்’ புத்தளமே என்பது அவர் நூலை ஆங்கிலத்தில் பதிப்பித்த ஹென்றி யூலின் கருத்து. கட்டு பகலுக்கு மட்டுந்தான். இரவில் எவரும் களவாக முத்தெடுக்க இறங்காதபடி மாலையில் அதை அவிழ்த்துவிடுவார்களாம். மந்திரத்தை நம்பாதவரும் இந்தச் சாமர்த்தியத்தை மெச்சலாம். ஆங்கிலேயர் ஆட்சியிலும் ‘கடல்கட்டி’ எனப்பட்ட இந்த மந்திரக்காரருக்கு அரசாங்கமே ஊதியம் கொடுத்தது.

இன்றைய முயற்சி சுறாவின் கண்ணைக் குறிவைக்கிறது. அவுஸ்திரேலிய ஆய்வாளர் நேதன் ஹார்ட்டும் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்த 17 இனச் சுறாக்களில் 10 இனங்களின் விழித்திரையில் நிறமறியும் கூம்புச் செல்களே இல்லை. மற்றவற்றில் ஒரே வகைதான். ஆகவே சுறாவுக்கு நிறத்தைவிட வெளிச்சமும் இருளும் மாறுபடும் இடமே முக்கியம். கீழிருந்து நோக்கினால், வானொளிக்கு எதிரே நீந்துபவரின் உடல் ஒரு கரிய உருவம், அவ்வளவுதான்.

இதை வைத்து 2013இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் இருவகை நீச்சலுடைகள் வந்தன. ஒன்று நீரோடு கலந்து மறைக்கும் நீலத் திட்டுகள் கொண்டது. மற்றது நஞ்சுள்ள கடற்பாம்பை நினைவூட்டும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்டது. பின்னதில் ஓர் ஓட்டை உண்டு: புலிச்சுறா கடற்பாம்பைத் தின்னும்.

ஆய்வாளர் லோரா ரயன் குழுவினர் 2024இல் வெளியிட்ட சோதனை இவற்றைவிட உறுதியானது. தென்னாபிரிக்காவின் மோசல் விரிகுடாவில் கடல்நாய் வடிவப் பொம்மைகளின் அடியில் எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்திப் படகால் இழுத்தனர். ஒளி கூடக்கூட வெண்சுறாக்களின் தாக்குதல் குறைந்தது. நீளவாட்டில் ஓடிய ஒளிப்பட்டைகளைவிடக் குறுக்குப் பட்டைகள் நன்கு காத்தன. அவை கரிய உருவத்தைத் துண்டு துண்டாக உடைத்துவிடுகின்றன.

புத்தளத்தை அடுத்த கற்பிட்டியில் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கும் சுழியோடிகளுக்கு இதனால் உடனடிப் பயன் குறைவு. சோதனை வெண்சுறாவோடு நின்றது. புலிச்சுறாவும் காளைச்சுறாவும் இரைதேடும் முறை வேறு. கலங்கிய நீரில் எந்தக் கோலமும் தெரியாது. அங்கே சுறா மோப்பத்தையும் நீரதிர்வையும் மின்புலனையும் நம்பியே நெருங்குகிறது. மீன்கழிவு கொட்டும் இடத்தையும், கலங்கல் நீரையும், அந்தி வேளையையும் தவிர்ப்பதே இப்போதைக்கு இக்கரைக்குப் பொருந்தும் காவல்.