முண்ணாண் வடுவும் குழியும்: இரு சத்திரசிகிச்சை முறைகள் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

'சிரிங்ஸ்' என்பது கிரேக்க மொழியிலே குழலைக் குறிக்கும் சொல். முண்ணாணின் உட்புறத்தே நீர் நிறைந்த நீள்குழி தோன்றும் நோய்க்கு, 1827ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு மருத்துவரான ஒல்லிவியே இச்சொல்லின் அடியாகவே 'சிரிங்கோமயீலியா' எனப் பெயரிட்டார். பெயர் குழியைச் சுட்டுகிறது. குழி ஏன் தோன்றியது என்பதைச் சுட்டவில்லை. இந்நோய்க்கான சத்திரசிகிச்சையின் வரலாற்றை, குழியிலிருந்து அதன் காரணத்தை நோக்கி மெல்ல நகர்ந்த வரலாறு எனலாம். இலக்கிய ஆய்வாளராகிய நாம் இவ்விடயத்தை எடுத்துக்கொள்வதற்கு அதுவே ஏது. தோற்றப்பாட்டைக் காரணமென மயங்குதல் நமது துறையிலும் காணப்படுவதே. ஆனால் அம்மயக்கத்தால் ஒரு மனிதர் தமது கைகளின் வலுவை இழக்க நேரும் துறை இது.

முதலில் நோயின் இயல்பை நோக்குவோம். முள்ளந்தண்டினுள் அமைந்த முண்ணாண் மூன்று சவ்வுகளாற் சூழப்பட்டது. வெளிப்புறத்தே தடித்த வன்சவ்வு, அதன் உட்புறத்தே மெல்லிய சிலந்திவலைச் சவ்வு, முண்ணாணை ஒட்டியபடி மென்சவ்வு என்பன அவை. பின்னைய இரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில் மூளைய முண்ணாண் பாய்பொருள் நிறைந்துள்ளது. இதயத் துடிப்புக்கும் சுவாசத்துக்கும் இசைய அப்பாய்பொருள் மேலுங் கீழும் அசைந்தவண்ணம் இருக்கும். விபத்து, அழற்சி, குருதிக்கசிவு, முன்னைய சத்திரசிகிச்சை ஆகியவற்றால் சிலந்திவலைச் சவ்வு தடித்து வடுவாகுமிடத்து, முண்ணாண் வன்சவ்வோடு ஒட்டிக்கொள்கிறது. பாய்பொருளின் வழியும் தடைப்படுகிறது. அத்தடையின் அயலிலே, மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின், முண்ணாணினுள் நீர் தேங்கிக் குழி உருவாகின்றது. நீர் எவ்வழியாக உட்புகுகின்றது என்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பாய்பொருளின் ஓட்டம் தடைப்படுதலே தொடக்கம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

நோவையும் வெப்பத்தையும் உணர்த்தும் நரம்பு நார்கள் முண்ணாணின் நடுப்பகுதியைக் குறுக்காகக் கடந்து செல்வன. குழி பெரும்பாலும் அவற்றையே முதலிற் தாக்கும். ஆகவே தொடுகையை உணரும் ஒருவர் சூட்டை உணரார். அடுப்பிற் கை சுட்டது கொப்புளத்தைக் கண்டபின்னரே தெரியவரும். முள்ளந்தண்டு முறிந்து கால்கள் செயலிழந்தவரின் நிலை இதனினும் கொடிது. சக்கர நாற்காலியைத் தள்ளுவதும் படுக்கையிலிருந்து எழுந்தமர்வதும் அவருக்குக் கைகளாலேயே இயல்வன. பல ஆண்டுகளின் பின் குழி மேல்நோக்கி நீளுமாயின் அக்கைகளும் தளரத் தொடங்குகின்றன. விபத்து எஞ்சவிட்ட சுயாதீனத்தை அதன் வடு பறித்துக்கொள்கிறது.

இக்குழிக்கு மேற்கொள்ளப்பட்ட முதலாவது முறை, நீரை வடித்தலாகும். 1892இல் நியூயோர்க்கிலே அபே, கோலி என்போர் முண்ணாணைத் திறந்து குழிநீரை வெளியேற்றினர். வடித்த நீர் மீண்டும் தேங்கக்கூடுமாதலின், நிலையான வடிகுழாயைப் பொருத்தும் முறை பின்னர் வளர்ச்சியுற்றது. குழாயின் ஒரு முனை குழியினுள் வைக்கப்படும். மறுமுனை முண்ணாணைச் சூழ்ந்த வெளியிலோ, நுரையீரலைச் சூழ்ந்த வெளியிலோ, வயிற்றறையிலோ திறக்கும். குழி விரைவிற் சுருங்குவதைப் படத்திலே காணலாம் என்பது இதன் கவர்ச்சி. ஆயின் குழாயைச் செலுத்துவதற்கு முண்ணாணையே கீறவேண்டும். அதனாற் புதிய உணர்விழப்பு ஏற்படக்கூடும். குழாய் அடைபடலாம், இடம்பெயரலாம், தானே புதிய வடுவுக்குக் காரணமுமாகலாம். 1995இல் ஸ்கூரொஸ், பேர்ணாட் வில்லியம்ஸ் ஆகியோர் வடிகுழாய் முறையை விமரிசன நோக்கில் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையின்படி, பத்து ஆண்டுகளின் பின் ஏறத்தாழ அரைவாசிப் பேரே நோய் மோசமடையாத நிலையில் இருந்தனர். வடுவும் தடையும் இருந்தபடியே இருக்க, அவற்றின் விளைவை மட்டும் அகற்ற முனைந்த முறையின் எல்லை இது.

குழியைத் தொடாமலே அதனைச் சுருங்கச் செய்யலாம் என்பதற்கான தெளிவான சான்று, வடுவோடு தொடர்பில்லாத பிறிதொரு நிலையிலிருந்து கிடைத்தது. பிராக் நகரிற் பணியாற்றிய கியாரி 1891இல் விவரித்த பிறவிக் குறைபாட்டிலே, சிறுமூளையின் கீழ்ப்பகுதி தலையோட்டின் அடித்துவாரத்தினூடாக இறங்கிப் பாய்பொருளின் வழியை அடைக்கும். இத்தகையோருக்கும் முண்ணாணிற் குழி தோன்றுவதுண்டு. அவ்விடத்து என்பை அகற்றி வன்சவ்வை விரிவாக்கிய மாத்திரத்தில், குழியில் எந்தக் குழாயும் செலுத்தப்படாமலே அது சுருங்கியதை அமெரிக்காவின் ஓல்ட்பீல்ட் குழுவினர் 1994இல் எடுத்துக்காட்டினர். வழி திறந்தாற் குழி வற்றும் என்பது இதனாற் பெறப்பட்டது.

வடுவாற் தோன்றும் குழிக்கும் இதே தர்க்கத்தைப் பிரயோகிப்பதே இரண்டாவது முறை. நுணுக்குக்காட்டியின் துணையோடு வன்சவ்வு திறக்கப்பட்டு, முண்ணாணைப் பிணித்துள்ள வடு சிறிது சிறிதாக வெட்டி விடுவிக்கப்படும். பின்னர் வன்சவ்வின் இருமருங்கையும் இழுத்துத் தைக்காது, இடையே ஓர் ஒட்டுத்துண்டு வைத்துத் தைப்பர். முண்ணாணைச் சுற்றிப் பாய்பொருள் அசைவதற்குப் போதிய இடம் அதனாற் கிடைக்கும். 1997இல் கிளேகாம்பும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இவ்விரு முறைகளையும் ஒப்பிடுவதற்கு உதவுகின்றது. வடு ஓரிடத்தில் மட்டும் இருந்தவர்களில், வடிகுழாய் பொருத்தியபின் 92 வீதமானோருக்கு நோய் மீண்டது. வடுவை விடுவித்து ஒட்டுத்துண்டு வைத்தபோது 83 வீதமானோரின் நிலை மேலும் சீர்கெடாது தரித்து நின்றது.

இவ்விலக்கங்களோடு நிறுத்திக்கொள்வோமாயின் நாமும் பாதி உண்மையையே கூறியவராவோம். வடு பல மட்டங்களிற் பரந்திருந்தவர்களிடையே வடிகுழாய் முற்றாகத் தோல்வியுற்றதாக அதே ஆய்வு கூறுகின்றது. ஆனால் அவர்களிடையே, முன்னர் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோரையும் சேர்த்து நோக்கின், வடு விடுவிப்பும் 17 வீதமானோரையே நிலைநிறுத்திற்று. காரணத்தை அறிதல் வேறு, அதனை அகற்றும் ஆற்றல் வேறு. வெட்டிய இடத்தில் வடு மீண்டும் தோன்றலாம், பாய்பொருள் கசியலாம், தொற்று ஏற்படலாம். எனவே, வடு பரந்திருக்குமிடத்து, குறைபாடுடையதாயினும் வடிகுழாய் இன்றும் பயன்படுகின்றது. காயத்துக்குக் கீழே செயற்பாடு முற்றாக அற்றவர்களில், ஏனைய வழிகள் பயனளிக்காதபோது, முண்ணாணை அவ்விடத்திற் துண்டித்துக் குழியை நிலையாகத் திறந்துவிடும் முறையும் உண்டு. அது மீளமுடியாத முடிவு. குழி சிறிதாயிருந்து நோய்க்குறிகள் வளராதவரைச் சத்திரசிகிச்சையின்றிக் காலந்தோறும் அவதானித்து வருதலே பொருத்தமாகும்.

இரு விடயங்கள் மனங்கொளத்தக்கன. மேற்காட்டிய ஆய்வுகள் நோயாளரை எழுந்தமானமாக இரு குழுக்களாக்கி ஒப்பிட்டவையல்ல. சிகிச்சை பெற்றோரின் பதிவுகளைப் பின்னோக்கி ஆராய்ந்தவை. ஆகவே அவற்றின் வீதங்களைத் திட்டவட்டமான விதிகளாகக் கொள்ளலாகாது. இரண்டாவதாக, இங்கு 'வெற்றி' என்பது பெரும்பாலும் நோய் மேலும் வளராது நிற்றலையே குறிக்கும். கைவலு ஓரளவு மீளலாம். இழந்த உணர்வும் நீண்டகால நோவும் அவ்வளவு எளிதில் மாறா. இதனை முன்கூட்டியே நோயாளருக்குக் கூறுதல் மருத்துவரின் கடமையாகும்.

காரணத்தைத் தேடுவோர் வடுவோடு நின்றுவிடவும் முடியாது. வடு எங்கிருந்து வந்தது என்ற வினா எஞ்சியுள்ளது. மூளை முண்ணாண் சவ்வுகளைத் தாக்கும் காசநோய் அதற்கொரு மூலம். அது நெருக்கமான குடியிருப்பினதும் போசாக்கின்மையினதும் நோய் என்பதை விளக்க வேண்டியதில்லை. மருத்துவமும் வடுவை உண்டாக்கியதுண்டு. முள்ளந்தண்டைப் படம்பிடிப்பதற்காக 1940கள் முதல் பல தசாப்தங்களாகச் செலுத்தப்பட்ட எண்ணெய்த் தன்மையான சாயப்பொருள் பலருக்குச் சிலந்திவலைச் சவ்வின் அழற்சியை ஏற்படுத்திற்று. நமது நாட்டிலோ பனையிலும் தென்னையிலும் ஏறி வீழ்ந்த தொழிலாளரும், 2009இல் முடிவுற்ற போரிலே எறிகணைச் சிதறலாலும் துப்பாக்கிச் சூட்டாலும் முள்ளந்தண்டு சிதைந்தோரும் உளர். போர் முடிந்தமையால் அவர்களின் வடு முடிந்துவிடவில்லை. குழி பல ஆண்டுகள் கழித்தும் தோன்றக்கூடியதாகையால், அவர்களைத் தொடர்ந்து அவதானிக்கும் பொறுப்பும் முடிந்துவிடவில்லை.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறை முடிவு எளியது. முண்ணாண் காயமுற்ற ஒருவர் பல ஆண்டுகளின் பின், புதிதாக நோவு தோன்றுகிறது, சூடு தெரியவில்லை, கைப்பிடி தளர்கிறது என்று கூறுவாராயின், அதனைப் பழைய காயத்தின் தொடர்ச்சியென ஒதுக்காது காந்த ஒத்திசைவுப் படம் எடுத்து நோக்கவேண்டும். சத்திரசிகிச்சை விதந்துரைக்கப்படுமிடத்து நோயாளரும் குடும்பத்தாரும் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: பாய்பொருளின் வழி எங்கே தடைப்பட்டுள்ளது? வடு ஓரிடத்ததா, பரந்ததா? செய்யப்போவது தடையை நீக்குமா, நீரை மட்டும் வடிக்குமா? இவ்வினாக்களை எவரும் தமது மொழியிலே கேட்கவும் விடைபெறவும் இயலவேண்டும். அதற்கான சொற்களை ஆக்கித் தருதல் தமிழிற் பணிபுரிவோராகிய நம்மால் ஆகக்கூடியது.