எப்போது சூடேறுகிறது? பழைய பிக்கப்பிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி

பழைய பிக்கப் சூடேறுகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், பினாங்கில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ரேடியேட்டரை மாற்று என்பார் ஒருவர். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசு, நம் நாட்டு வெயிலுக்கு அது எதற்கு என்பார் இன்னொருவர். வாட்டர் பம்ப்தான் என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். வண்டி எப்போது சூடேறுகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

என் சித்தப்பாவிடம் இருப்பது 1970களின் பிற்பகுதியில் வந்த டோயோட்டா ஹைலக்ஸ். 12ஆர் வகை எஞ்சின், 1,587 சிசி, பெட்ரோல், கார்புரேட்டர். வாழைத்தார், பூந்தொட்டி, கோயில் திருவிழா என்றால் பந்தல் சாமான் என்று இன்றும் அவருக்குச் சோறு போடுகிற வண்டி. தெலுக் கும்பாரைத் தாண்டி பாலேக் பூலாவ் போகும் மேட்டுச் சாலையில் அது கொதிக்கத் தொடங்கியது. சில மாதங்களுக்குள் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், மூடி எல்லாம் புதிதாகிவிட்டன. ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கைவிட்டுப் போனது. சூடு மட்டும் இறங்கவில்லை. பழைய இரும்பு வாங்குபவர் வந்து விலை பேசும் அளவுக்கு நிலைமை முற்றிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

நான் மெக்கானிக் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பரிசோதனைப் பிரிவில் வேலை. அங்கே அளந்து பார்க்காமல் ஒரு பாகத்தையும் மாற்ற விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் சித்தப்பா வீட்டு வாசலுக்கும் கொண்டுபோனேன்.

"நெரிசல்ல ஒன்னும் பண்ணாதுடா. வேகமா போனா, மேடு ஏறினாத்தான் முள்ளு ஏறுது," என்றார்.

பாதி விடை அதிலேயே இருந்தது. காலையில் தொழிற்பேட்டைச் சாலையில் வண்டி ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்குக் காற்றைக் கொடுப்பது விசிறி மட்டும்தான். அப்போது சூடேறினால் விசிறி, அதன் பெல்ட், விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய கூண்டு இவற்றைப் பார்க்க வேண்டும். அந்தக் கூண்டை வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றி வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறைய. அது இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். பிற்பாடு ஏர்கோன் பொருத்திய வண்டியாக இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றைச் சூடாக்கித்தான் உள்ளே அனுப்புகிறது.

நெரிசலில் சும்மா இருந்து, லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் மிதித்தாலோ மேடு ஏறினாலோ சூடேறினால் கதை வேறு. வேகத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை, அல்லது எஞ்சின் தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சினை எழுப்பிய சில நிமிடங்களிலேயே முள் சிவப்புக்குப் போனால் மூடியபடி இறுகிப்போன தெர்மோஸ்டாட், குறைந்துபோன தண்ணீர், ஹெட் கேஸ்கெட் என்ற வரிசையில் சந்தேகப்படலாம்.

வெயிலைப் பழி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பினாங்கின் நண்பகல் பெரும்பாலும் 31, 32 டிகிரிதான். சென்னையில் மே மாதம் 40ஐத் தொடும் நாளிலும் இதே தலைமுறை வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

முள்ளை நம்பலாமா?

நாற்பது வயதைக் கடந்த மீட்டர் பொய் சொல்லலாம். வெப்பமுள்ளும் எண்ணெய் முள்ளும் சேர்ந்தே மேலே போனால் எஞ்சினைத் தொடாதீர்கள். இரண்டுக்கும் மின்சாரத்தை அளந்து கொடுக்கும் ரெகுலேட்டரைப் பாருங்கள். மற்றபடி உண்மையைச் சொல்ல அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று போதும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்ப்பது. பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும் என்பதால், அளக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

சித்தப்பாவின் வண்டியை நின்ற இடத்திலேயே 20 நிமிடம் ஓடவிட்டு தெர்மோஸ்டாட் கூட்டில் அளந்தேன். 70 டிகிரியை ஒட்டியே நின்றது. 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ளே இருந்தால் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்காது. திறந்து பார்த்தோம், கூடு காலி. எந்தக் காலத்திலோ யாரோ கழற்றிவிட்டிருக்கிறார்கள். ரேடியேட்டரின் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக அளந்ததில் நடுவில் குளிர்ந்த திட்டு எதுவும் இல்லை. அதாவது உள்ளே அடைப்பு இல்லை.

பிறகு சித்தப்பாவை ஏறி உட்கார்ந்து மிதிக்கச் சொன்னேன். எஞ்சின் இரைச்சல் ஏற ஏற, ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் கீழ் ஹோஸ் உறிஞ்சுகுழலைப் போலச் சப்பையாகிக்கொண்டே வந்தது. காலை எடுத்ததும் பழையபடி உருண்டையானது. பம்ப் அந்தப் பக்கத்திலிருந்துதான் தண்ணீரை இழுக்கிறது. ஹோஸ் மடங்காமல் இருக்க உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்க வேண்டும். அது துருப்பிடித்துக் கரைந்துபோயிருந்தது. சூட்டில் இளகிய ரப்பர் வேகத்தில் ஒட்டிக்கொள்ள, தண்ணீர் மிகவும் தேவைப்படும் நேரத்தில் வழி அடைபட்டது. வண்டி நிற்கும்போது எந்தப் பட்டறையில் காட்டினாலும் ஹோஸ் ஒழுங்காகத்தான் தெரியும். (வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாகிக் கிடந்தால் ஹோஸைக் குறை சொல்லாதீர்கள். மூடியின் உள்வால்வு திரும்பத் தண்ணீரை விடவில்லை என்பது அதன் பொருள்.)

புது ஹோஸ் போட்டு மேடு ஏறினோம். கொதிப்பு நின்றது. ஆனாலும் முள் பாதியைத் தாண்டியே இருந்தது சித்தப்பாவுக்குத் திருப்தி தரவில்லை. எங்கள் வட்டாரத்தில் லோரி எஞ்சின்களோடு காலம் கழித்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். வந்து சத்தத்தைக் கேட்டார். "தண்ணிய விடுங்க தம்பி, பாயிண்ட்ட பாருங்க," என்றார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டைத் தள்ளித் திறக்கும் சிறு குச்சி தேயத் தேய இடைவெளி குறைகிறது, பாயிண்ட் திறப்பது தாமதமாகிறது, தீப்பொறியும் தாமதமாகிறது. தாமதமாக எரியும் பெட்ரோல் உந்துவதைவிட எஞ்சினையும் புகைக்குழாயையும் சூடாக்கவே அதிகம் செலவாகும். இடைவெளியையும் டைமிங்கையும் சரிசெய்ததும் முள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. எஞ்சின் சூட்டுக்கு ரேடியேட்டர் பக்கமே தேடிக்கொண்டிருந்தால் இது அகப்பட்டிருக்காது.

தெர்மோஸ்டாட்டும் பச்சைத் தண்ணீரும்

காலியாக இருந்த கூட்டில் புதிய தெர்மோஸ்டாட் போட்டோம். அது இல்லாத எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் கூடும், தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் குறுக்குவழியைச் சூடான பிறகு அடைப்பதும் இதே தெர்மோஸ்டாட்தான். கழற்றிவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும், வெந்நீரின் ஒரு பகுதி ஆறாமலே திரும்பி வரும். குளிர்ச்சிக்கென்று கழற்றியது சூட்டைக் கூட்டிவிடும். பொருத்துமுன் சோதிக்க வீட்டு அடுப்பு போதும்: நூலில் கட்டிப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, சமையல் வெப்பமானியோடு சூடாக்கினால் எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

கூலன்ட் ஊற்றினால் எஞ்சின் குளிரும் என்பதும் முழு உண்மையல்ல. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீரே கெட்டிக்காரன். ஆனால் தண்ணீர் துருவையும் கூட்டி வருகிறது. சித்தப்பாவின் ஹோஸுக்குள் இருந்த சுருளைத் தின்றது அதுதான். நம் ஊரில் கூலன்ட் வாங்குவது பனிக்காக அல்ல, துருவுக்காக. கொதிநிலையையும் அது சற்று உயர்த்தும்.

மூடியை அலட்சியம் செய்யாதீர்கள். 0.9 என்று அச்சிட்ட மூடி அந்த அழுத்தத்தைத் தாங்கும்வரை தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 118ஐ ஒட்டிப்போன பிறகே கொதிக்கும். சூடான எஞ்சினின் மூடியைத் திருகினால் அந்தத் தண்ணீரின் ஒரு பகுதி ஒரு நொடியில் ஆவியாகி, கொதிநீரோடு முகத்தில் அடிக்கும். அந்த லோரி அண்ணனின் முன்கையில் இன்றும் தழும்பு இருக்கிறது. மேட்டில் கொதித்தால் ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள், குறைந்தது அரை மணி நேரம் தொடாதீர்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிப்பு விடலாம். ஹீட்டரை முழுதாகப் போடுங்கள் என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும். நம் வண்டிகள் பலவற்றில் அது இருந்தால்தானே!

ஒரே ஒரு நிலையில் மட்டும் மேற்கொண்டு ஓட்டிப் பார்க்கவே கூடாது. ஆறிய எஞ்சினின் மூடியைத் திறந்து வைத்து எழுப்பும்போது தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால், எண்ணெய் பால்கோப்பி நிறத்தில் இருந்தால், புகை இனிப்பு வாசனையோடு வெள்ளையாக வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். பட்டறையில் நீல நிறத் திரவச் சோதனை கேளுங்கள்; எரிவாயு தண்ணீருக்குள் கசிந்தால் அது மஞ்சளாக மாறும். அந்தச் சோதனைக்கும் வண்டியை இழுத்துக்கொண்டு போவதே நல்லது.