மோட்டாரில் குதிரை, மீட்டரில் யூனிட்!

சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ கடைக்குப் போய்த் தண்ணீர் மோட்டார் கேட்டுப் பாருங்கள். "அரை எச்.பி.யா? ஒரு எச்.பி.யா?" என்பார் கடைக்காரர். எச்.பி. என்றால் குதிரை சக்தி.

ஆனால், வீட்டு மீட்டரில் குதிரை ஓடுவதில்லை, யூனிட்தான் ஓடுகிறது! மோட்டார் செலவைப் பங்கு போடும்போது வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் தகராறு வருகிறதே, அதற்கு இந்தக் கணக்கு தெரியாததும் ஒரு காரணம்.

குதிரை வந்த கதை

நீராவி எஞ்சினைச் செம்மைப்படுத்தியவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் வாட். அந்தக் காலத்தில் தண்ணீர் இறைக்கவும், ஆலைகளைச் சுற்றவும் குதிரைகளைக் கட்டினார்கள். அதனால், தம் எஞ்சினின் பலத்தையும் அவர் குதிரைக் கணக்கிலேயே சொன்னார். சுமார் 75 கிலோ அரிசி மூட்டையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால், அது ஒரு குதிரை சக்தி. நிஜக் குதிரை நாள் முழுவதும் இப்படி உழைக்குமா என்பது சந்தேகம்தான்!

1882-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் சக்தியின் அளவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஒரு குதிரை சக்தி 746 வாட். 1,000 வாட் சேர்ந்தது ஒரு கிலோவாட். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

அப்படியானால், ஒரு எச்.பி. மோட்டார் 746 வாட்தானே இழுக்கும்? அதுதான் இல்லை! 746 வாட் என்பது மோட்டார் செய்து கொடுக்கும் வேலை. உள்ளே சூடாக வீணாவது தனி. ஆகவே, சின்ன மோட்டார் சுமார் 1,000 வாட் இழுத்துவிடும்.

தினம் ஒரு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். நாலு குடித்தனம் என்றால், ஆளுக்கு 15 யூனிட். கோடையில் ஆழ்துளைக் கிணற்றில் நீர் இறங்கி, இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டி வந்தால் 120 யூனிட். பங்கு 30 ஆகிவிடும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை!

பழைய 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு மூன்று யூனிட்கூட ஆகாது.

ரெயிலுக்கும் இதே கணக்கு

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் ஏறத்தாழ வாட் கிடைக்கும். கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயில் 1931-ல் ஓடத் தொடங்கியபோது, கம்பியில் இருந்தது 1,500 வோல்ட். ரெயிலுக்கு 1,500 கிலோவாட் வேண்டுமென்றால், அதில் 1,000 ஆம்பியர் பாய வேண்டும். கம்பி கனமாக இருக்க வேண்டும், மின்சாரமும் வீணாகும்.

1960-களில் அதை 25,000 வோல்ட்டாக மாற்றினார்கள். அதே சக்திக்கு 60 ஆம்பியர் போதும்! 2004-ல் அந்த மீட்டர் பாதை ரெயில் நின்றுவிட்டது. அகலப் பாதையில் ஓடும் ரெயில்களுக்கும் அதே 25,000 வோல்ட்தான்.