தக்காளி பூ உதிருது, அவரை எப்படி காய்க்குது?

இன்றைக்குச் சென்னைக் குளிரைப் பற்றிப் பேசப் போறேன். சிரிக்காதீங்க, உண்மையிலேயே நமக்கும் குளிர்காலம்னு ஒண்ணு இருக்கு. நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். 1895 டிசம்பரில் ஒரு நாள், 1905 ஜனவரியில் ஒரு நாள். இப்போதைய ஜனவரி இரவுகளின் சராசரி 21 டிகிரியை ஒட்டி இருக்கும். ஒரு நாள் சாதனையையும் மாதச் சராசரியையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கக் கூடாதுதான். நான் சொல்ல வர்றது அந்த 21ஐப் பற்றி. நமக்கு அது ஒரு போர்வை கூட தேவைப்படாத குளிர். என் மாடியில் இருக்கும் தக்காளிக்கோ அதுதான் எல்லைக்கோடு.

ரெண்டு குளிர்காலத்துக்கு முன்னாடி, டிசம்பர் நடுவுல, எட்டு பை தக்காளியும் கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஒரு வாரத்தில் பூக்காம்பில் இருக்கும் சின்ன கணு மஞ்சளாகி, பூ பூவாக உதிர்ந்தது. திருவண்ணாமலை பக்கம் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். "கிளைமேட் சேஞ்ச்மா, குளிரே இல்ல"ன்னு பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன்.

அம்மா பின்னாடி பந்தலைப் பார்த்துட்டாங்க. "அவரை மட்டும் எப்படிடா வழக்கம்போல காய்க்குது? அதுக்கு உன் கிளைமேட்டு தெரியாதா?"

என்கிட்ட பதில் இல்லை. அது அவங்க கொடுத்தனுப்பிய விதை. ஆடியில் போட்டது, மார்கழியில் பந்தல் முழுக்கப் பூ.

பதில் தேடிப் பார்த்ததில் புரிந்தது இதுதான்: ரெண்டு செடியும் வேற வேற காலண்டர் பார்க்குது. நாட்டுப் பந்தல் அவரை இரவின் நீளத்தை அளக்கிறது. சென்னையில் ஜூன் மாதப் பகல் கிட்டத்தட்ட 12 மணி 50 நிமிடம், டிசம்பரில் 11 மணி 20 நிமிடம் சொச்சம். அந்த ஒன்றரை மணி நேரக் குறைவுதான் அவரைக்குப் பூக்கும் சிக்னல். பூமி சாய்ந்து சுற்றும் வரை அது மாறாது. (வருஷம் முழுக்கக் காய்க்கும் செடி அவரை வேற ரகம், அது இந்தக் கணக்கில் வராது.)

தக்காளி பகல் நீளத்தை அவ்வளவாகக் கண்டுக்காது. அதுக்கு இரவுச் சூடுதான் முக்கியம். இரவு 21, 22 டிகிரிக்கு மேலேயே தங்கிவிட்டால் மகரந்தம் சரியாக உருவாகாது, காய் பிடிப்பது குறையும். இதில் நான் கோட்டை விட்ட ஒரு விஷயம் உண்டு. பூ உதிர்ந்த அன்னைக்கு இரவு என்ன சூடுன்னு பார்த்துப் பிரயோஜனம் இல்லை. மகரந்தம் உருவாகிறது பூ விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்னால். அப்போ அடித்த சூட்டின் பலன்தான் பிறகு உதிர்வாகத் தெரியுது.

நோட்டைப் புரட்டினேன். மொட்டு வைத்த அந்த வாரம் முழுக்க மேகமூட்டம், இரவு 24க்குக் கீழே இறங்கவே இல்லை. வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி வந்தால் மழையை மட்டும்தான் நாம கவனிக்கிறோம். அந்த மேகம் ராத்திரியில் போர்வை மாதிரி வேலை செய்யுது. வானம் தெளிவாக இருந்தால் தரையின் சூடு வெப்பக் கதிராக மேலே போய்விடும். மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சொல்வாங்களே, அந்தப் பனி தெளிந்த வானத்துப் பனி. மழை ஓய்ந்து, காற்று அடங்கி, மச்சு தன் சூட்டை வானத்துக்கு விட்ட பிறகுதான் அது இறங்கும்.

என் மச்சு அவ்வளவு சுலபமாகச் சூட்டை விடுவதில்லை. இரவு பத்து மணிக்கு வெறுங்காலோடு நடந்தால் தளம் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். பகல் வெயிலைக் குடித்த கான்கிரீட் ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்குது. அதனால்தான் ஒரே இரவில் நுங்கம்பாக்கத்தை விட மீனம்பாக்கம் விமான நிலையம் பெரும்பாலும் குளிராக இருக்கும், மாதவரம் அதைவிடவும் இறங்கும். போதாததற்கு எங்க பக்கத்தில் புதுசா ஒரு அபார்ட்மென்ட் எழும்பி, வடக்குக் காற்றை மறைத்துக்கொண்டு, ஏசி வெளி யூனிட்டுகளை எங்க மாடியைப் பார்த்தே வரிசையாக மாட்டியிருக்காங்க.

இப்போ ஒரு வெட்கக்கேடான கதை. ஆறு வருஷமாக ஒரு அதிகபட்ச-குறைந்தபட்ச வெப்பமானி வைத்துக் காலையில் குறித்து வருகிறேன். அதில் நாலாவது வருஷத்திலிருந்து குளிர்காலம் ஒன்றரை டிகிரி ஏறியிருந்தது. நண்பர்களுக்கெல்லாம் கிராஃப் போட்டு அனுப்பினேன். அப்புறம்தான் நினைவு வந்தது, அந்த வருஷம் தண்ணீர்த் தொட்டியின் கீழே இருந்த வெப்பமானியை மாடிப்படி அறையின் மேற்குச் சுவரில் மாட்டியிருந்தேன். நான் இத்தனை நாளா அளந்தது குளிர்காலத்தை இல்லை, சுவரை! வானிலை நிலையங்களில் திறந்த புல்தரையில், நாலடி உயரத்தில், வெள்ளை அடித்த காற்றோட்டமான பெட்டிக்குள் வெப்பமானியை ஏன் வைக்கிறாங்கன்னு அன்னைக்குத்தான் உறைத்தது. இப்போ அது மறுபடி தொட்டிக்குக் கீழே. கிராஃப் வாங்கின எல்லாருக்கும் மன்னிப்பு கேட்டு மெசேஜும் போட்டாச்சு.

அதனால் பூமி சூடாகவில்லைன்னு எடுத்துக்காதீங்க. 1901இலிருந்து இருக்கிற பதிவுகளில் இந்தியாவுக்கு மிகச் சூடான ஆண்டு 2024னு இந்திய வானிலை ஆய்வுத் துறையே சொல்லியிருக்கு. அது பல நிலையங்கள், பல பத்தாண்டுகளின் கணக்கு. என் எட்டு பைத் தக்காளியில் உலகம் சூடானது கொஞ்சம், நகரத்துக் கான்கிரீட் கொஞ்சம், அந்த வாரத்து மேகம் நிறைய. மூணையும் பிரிக்க ஒரு மாடியால் முடியாது. அம்மாவிடம் ஒரே வார்த்தையில் முடித்ததுதான் தப்பு.

சென்னையில் தக்காளிக்குக் கிடைப்பது சின்ன ஜன்னல். மழை ஓய்ந்ததுக்கும் வெயில் ஏறுவதுக்கும் நடுவில் சில வாரங்கள். 2021 ஜனவரி முதல் வாரத்தில் கனமழை. அதே வருஷம் டிசம்பர் 30 மதியம், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் கொட்டி ஊரே ரோட்டில் நின்றது. அப்படி மழை இழுத்தால் ஜன்னல் பின்பக்கம் நகராது, சுருங்கும். ஏன்னா பிப்ரவரிக் கடைசி வெயில் நமக்காகக் காத்திருக்காது.

அதனால் இப்போ நாற்றை ஒரே நாளில் விடுவதில்லை. மூணு வார இடைவெளியில் மூணு தடவை விதைக்கிறேன், எதாவது ஒண்ணு தெளிந்த வானத்தில் மாட்டும். பைகளைக் கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி, செங்கல் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். பாதிக்குப் பாதி செர்ரி தக்காளி, சூட்டில் அது ஓரளவு தாக்குப் பிடிக்குது. ஈரப்பதம் அதிகமான நாளில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறின பிறகு, பத்து மணி வாக்கில் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுகிறேன்.

போன வருஷம் முதல் தடவை விதைத்தது மழையில் அழுகியது. ரெண்டாவதில் பாதி பூ நின்றது. மூணாவது பொங்கலுக்கு அப்புறம் நல்லா பிடித்து, மார்ச் வெயிலில் பழம் வெந்துபோச்சு. மொத்தம் நாலு கிலோ இருக்கும். அம்மா ஊரிலிருந்து வந்தப்போ அதில் ரசம் வைத்துக் கொடுத்தேன். குடிச்சுட்டு, "புளி கொஞ்சம் குறைச்சிருக்கலாம்"னாங்க. ஊருக்குக் கிளம்பும்போது அவரைப் பந்தலில் காய்ந்த நெற்றாகப் பார்த்துப் பறித்து, முடிச்சுப் போட்டு எடுத்துக்கிட்டுப் போனாங்க.

அடுத்த எபிசோடில் அவரையில் வரும் அசுவினி.