58 வயதில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில், மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் தயாரிக்க ஆரம்பித்ததிலிருந்து கொரியர்கள் வருகிறார்கள். நிசானால் ஜப்பானியர்கள், ஃபாக்ஸ்கானால் தைவான்காரர்கள் என்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமே மாறிவிட்டது. எங்கள் ஆலைக்கு வரும் வெளிநாட்டவரின் காகிதங்கள் என் மேசைக்குத்தான் வரும்.

விசா 180 நாளுக்கு மேல் என்றால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். வீடு கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். "எதுக்கும்மா எனக்குப் போலீஸ் வம்பு?" என்று கேட்டுக் கதவைச் சாத்தும் வீட்டுக்காரர்கள் உண்டு. நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால் வருமான வரிக் கணக்கில் அவர் 'இந்தியவாசி'. இதெல்லாம் அலைச்சல்தான், ஆனால் முடிந்துவிடும்.

முடியாதது பிஎஃப்.

நம்மூர்க்காரருக்கு மாதச் சம்பளத்தில் 15,000 ரூபாய் வரைதான் பிஎஃப் கட்டாயம். அதில் 12 சதவீதம் 1,800 ரூபாய். வெளிநாட்டவருக்கு 2008 அக்டோபர் முதல் அந்த உச்சவரம்பு கிடையாது. சம்பளம் 2 லட்சம் என்றால் அவர் பங்கு 24,000, கம்பெனி பங்கும் அதே அளவு. கொரியாவோடு 2011-லும் ஜப்பானோடு 2016-லும் ஜெர்மனியோடு 2017-லும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. தாய்நாட்டிலேயே கட்டுவதாகச் சான்றிதழ் கொண்டுவந்தால் இங்கே விலக்கு. தைவானோடு அப்படி ஒப்பந்தம் இல்லை.

ஊர் திரும்பும் ஓர் இளம் தைவான் பொறியாளர், "என் பிஎஃப் பணம் எப்போது வரும் மேடம்?" என்று கேட்டார். "58 வயது ஆனதும்" என்றேன். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வெளிநாட்டவருக்கான இந்தத் தனி பிஎஃப் ஏற்பாடு செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் சொன்னது. நாங்கள் மாதாமாதம் கட்டிக்கொண்டேதான் இருக்கிறோம்.

அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுப் பத்து வருடத்துக்குள் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு, அங்கே கட்டிய சமூகப் பாதுகாப்பு வரியால் ஓய்வூதியம் கிடைப்பதில்லை. அதை அநியாயம் என்கிறோம், நியாயமான கோபம். அதையே நம் வாசலுக்கு வந்தவருக்குச் செய்யலாமா?

சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் போடத் தைவானோடு தூதரக உறவு இல்லையே என்பார்கள். உறவு இல்லாமலேயே 2011-இல் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் போட்டோம். 2024-இல் நம் தொழிலாளர்களை அங்கே அனுப்பவும் ஒப்பந்தம் போட்டோம். அதே வழியில் இதையும் மத்திய அரசு முடிக்கட்டும். அதுவரை, வேலை முடிந்து நாட்டை விட்டுக் கிளம்புகிறவர் தன் பணத்தை எடுத்துக்கொண்டு போக விதியைத் திருத்தட்டும்.